நட்ட கணக்கு போதும், நிற்கிற கணக்கைச் சொல்லுங்கள்: ஊர் மரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மரக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நூலகத்துக்கு எதிரே, தெரு முனையில் நிற்கும் மரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. கன்றாக இருந்தபோது அதற்கு இரும்புக் கூண்டு போட்டீர்கள். நல்ல காரியம்தான், அது இல்லாவிட்டால் அந்தக் கன்று பிழைத்திருக்காது. ஆனால் கழற்ற யாரும் வரவில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு வளையம், இடுப்பு உயரத்தில் இன்னொரு வளையம், இரண்டையும் மரம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. கீழ் வளையத்தில் பாதி பட்டைக்குள் போய்விட்டது. கம்பிக்கு மேலே பட்டை உதடு மாதிரி பிதுங்கி நிற்கிறது, கம்பிக்குக் கீழே அடிமரம் மெலிந்து கிடக்கிறது. விரல் வைத்தால் துரு ஒட்டுகிறது.

அந்தப் பிதுக்கம் ஏன் வந்தது என்று குழுவில் ஒருவராவது அறிந்திருப்பீர்கள். இலை சமைக்கும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி இறுக்கும் இடத்தில் அது தேங்குகிறது. மேலே கொழுக்கிறது, கீழே வேர் பட்டினி கிடக்கிறது. இலை பச்சையாக இருப்பதால் மரம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். வேரின் பட்டினி மேலே தெரிய சில வருடங்கள் ஆகும்.

கூண்டில் ஒரு தகடு இருக்கிறது. நட்டவர் பெயரும் நட்ட தேதியும் அதில் உண்டு. அதற்குப் பிறகு அந்த மரத்துக்கு என்ன நடந்தது என்பதற்கு எங்கும் எழுத்து இல்லை. என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது அந்தத் தகடுதான்.

மழை தொடங்கியதும் மறுபடி கன்று நடும் விழா என்று அறிவித்திருக்கிறீர்கள். விழாவை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. இந்த முறை பாதிக் கன்றுகள் மட்டும் நடுங்கள், மீதிப் பாதிக்கான பணத்தையும் ஆட்களையும் ஏற்கெனவே நிற்கிற மரங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். ஆண்டறிக்கையில் "இத்தனை கன்றுகள் நட்டோம்" என்ற வரிக்குக் கீழே "சென்ற மூன்று ஆண்டுகளில் நட்டவற்றில் இத்தனை நிற்கின்றன" என்று இன்னொரு வரியும் எழுதுங்கள். அந்த இரண்டாவது வரியை எழுதத் தொடங்கினாலே குழுவின் வேலை மாறிவிடும் என்று நம்புகிறேன்.

எங்கள் தெருவின் கணக்கை நான் வைத்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஐந்து கன்றுகள் நட்டீர்கள். இரண்டு நிற்கின்றன. ஒன்று முதல் கோடையிலேயே காய்ந்தது. இன்னொன்றைப் பின்னோக்கி எடுத்த வண்டி முறித்தது. மூன்றாவதுதான் எனக்கு இன்றும் மனதை அறுக்கிறது. அது நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது, ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது. பெரிய காற்று என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு காற்றில் ஒரு நாள் காலை சாய்ந்து கிடந்தது. தூக்கி நிறுத்தலாம் என்று நானும் பக்கத்து வீட்டுக்காரரும் பிடித்தோம். கையோடு வந்துவிட்டது. வேர்கள் மண்ணுக்குள் போகவே இல்லை. நர்சரிப் பையின் வடிவத்திலேயே, கயிறு சுற்றி வைத்ததுபோல உருண்டு கிடந்தன. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வேர் தூரை முழுச் சுற்று சுற்றித் தன் மரத்தின் கழுத்தையே நெரித்துக்கொண்டிருந்தது.

பையில் அதிக நாள் இருந்த கன்றின் வேர் சுவரில் முட்டி முட்டி வட்டமாகத் திரும்பிவிடும். வட்டமாகப் பழகிய வேர் மண்ணில் வைத்தாலும் வட்டமாகவே தடிக்கும். நடுகிற அன்று பையைக் கிழித்துச் சுருளைக் கையால் பிரித்துவிட வேண்டும், பிரியாததைக் கத்தியால் கீறிவிட வேண்டும். ஒரு கன்றுக்கு இரண்டு நிமிட வேலை. விழா நாளில் புகைப்படத்துக்கு ஆட்கள் காத்திருக்கும்போது அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. ஆகவே விழாவுக்கு முந்தின நாளே கன்றுகளை இறக்கி, ஒவ்வொன்றின் வேரையும் பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து வாங்குகிறோம். வேரைப் பார்த்து வாங்க வேண்டும்.

நடும் ஆழமும் அப்படித்தான். தண்டு வேராக விரியத் தொடங்கும் தூர்ப்பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். புதைந்த தூரில் பட்டை ஈரத்தில் ஊறி அழுகுகிறது. குழி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது, வேர் பக்கவாட்டில்தான் ஓடப்போகிறது.

பிறகு தண்ணீர். நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மரம் தன் காலில் நிற்காது. தினமும் ஒரு குவளை தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடும். சில நாட்களுக்கு ஒரு முறை, வட்டப்பாத்தி நிறைய ஊற்றி மெதுவாக இறங்க விட வேண்டும். பாத்தியின் மேல் காய்ந்த இலையையும் மரச் சில்லுகளையும் நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் ஈரம் தங்கும். மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது, ஒரு கை இடம் விட்டுப் பரப்ப வேண்டும். ஊரைக் கூட்டிப் பெருக்கும்போது அள்ளிக்கொண்டு போய் எரிக்கிற சருகு அந்தந்த மரத்தின் அடிக்கே திரும்பினால் போதும், வெளியே எதையும் வாங்க வேண்டாம்.

அடுத்து நான் எழுத வேண்டியது கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்வதைப் பற்றி. இதில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் மரங்களுக்கு நடந்த சேதத்தில் பாதி புயலால் வந்தது அல்ல, அரிவாளாலும் செயின்சாவாலும் வந்தது.

மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. நம் தோலில் வெட்டுப்பட்டால் அதே இடத்தில் புதுத் தோல் வருகிறது. மரம் கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ இதைக் காட்டினார். 1959 முதல் அவர் ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நெடுக்காகப் பிளந்து, அழுகல் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று பார்த்தார். 1977-ல் அவருடைய விளக்கம் வெளியானது. அதன் பிறகுதான் கவாத்துப் பாடமே பல நாடுகளில் திருத்தி எழுதப்பட்டது. நம் ஆட்கள் வெட்டும் முறையோ அதற்கு முந்தின காலத்திலேயே நிற்கிறது.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். லேசாகப் புடைத்த ஒரு கழுத்துப்பட்டை இருக்கும். சுவர் எழுப்பும் திசு அதற்குள்தான் இருக்கிறது. வெட்டு அந்தக் கழுத்துக்குச் சற்று வெளியே விழ வேண்டும். மட்டமாக, அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்டி வெட்டினால் சுவர் கட்டுகிறவனின் கையையே வெட்டியதாகிறது. தள்ளி வெட்டி முழ நீளத்துக்குக் குச்சி விட்டாலும் அது காய்ந்து, அழுகலுக்கு உள்ளே போகும் வழியாகிறது. கனமான கிளை என்றால் மூன்று வெட்டு வேண்டும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, அதில் கிளையின் பாரம் விழுந்துவிடும். மூன்றாவதாகத்தான் கழுத்தை ஒட்டிய வெட்டு. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் கிளை விழும்போது அடிமரத்தின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழுகிறது. பூங்கா வாசலில் இடதுபுறம் நிற்கும் மரத்தில் ஆளுயரத்துக்கு அப்படி ஓர் உரிசல் இருக்கிறது. பட்டை இல்லாத அந்த இடத்தில் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டிய சத்தம் வருகிறது.

வெட்டிய இடத்தில் தார் பூசுவதையும் பெயின்ட் அடிப்பதையும் நிறுத்துங்கள். அது அழுகலைத் தடுப்பதில்லை, பல நேரம் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. சுத்தமான வெட்டு, கூர்மையான ரம்பம், சரியான இடம் மட்டும் போதும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை மொட்டையடிப்பது. கம்பியில் உரசுகிறது, விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, மறைக்கிறது என்று ஏதோ ஒரு காரணத்துக்காகத் தலையை ஒரே மட்டத்தில் சீவிவிடுகிறார்கள். மரம் என்ன செய்யும்? உணவு சமைக்கும் அடுப்பு மொத்தமும் போய்விட்டது. சேமிப்பில் இருப்பதை எல்லாம் இறக்கி, வெட்டுக்குக் கீழே கொத்துக் கொத்தாகப் போத்துகளை, அதாவது புதுத் தளிர்க் கிளைகளைத் தள்ளுகிறது. அந்தப் போத்துகள் மரத்தின் உள்வயிற்றிலிருந்து கிளைத்தவை அல்ல, மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. சில வருடங்களில் பழைய உயரத்தைத் தொட்டுவிடும், ஆனால் பழைய பலம் இராது. அடியில் வெட்டு வாயும் அழுகத் தொடங்கியிருக்கும். விழாமல் இருக்கத் தலையை வெட்டினோம், விழக்கூடிய மரத்தை நாமே செய்துவைத்தோம். உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டிய இடத்தில், வெட்டும் கொம்பில் மூன்றில் ஒரு பங்கு தடிமனாவது உள்ள பக்கக் கிளை வரை பின்வாங்கி வெட்டினால் அந்தக் கிளை தலைமையை எடுத்துக்கொள்ளும். ஓராண்டில் பச்சையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரத்தில் அதுவும் அதிகம்.

மரம் வெட்டும் ஒப்பந்தத்தில் கூலியை எதைக் கொண்டு கணக்கிடுகிறீர்கள் என்று நான் கேட்டறிந்தேன். ஏற்றிச் செல்லும் லாரி லோடுக்குத்தான் கூலி. லோடுக்குக் கூலி கொடுத்தால் லோடு ஏறத்தான் வெட்டுவார்கள், அந்த ஆட்களைக் குறை சொல்லி என்ன பயன்? மரத்துக்கு இவ்வளவு என்று கூலியை மாற்றுங்கள். வெட்டுவதற்கு முன் எந்தக் கிளை என்று சுண்ணாம்பால் குறி வையுங்கள். வெட்டி முடிந்ததும் குழுவில் ஒருவர் போய் அந்த வெட்டுகளைப் பார்த்த பிறகே பணம் பட்டுவாடா ஆகட்டும்.

பெரிய ரம்பத்துக்கு வேலை வைக்காமலிருக்கவும் ஒரு வழி உண்டு. கன்றுக்கு மூன்று வயது ஆனதிலிருந்து இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒரு முறை ஒருவர் கவாத்துக் கத்தரியோடு போய், இரட்டைத் தலை பிரிகிறதா, கிளை பிரியும் கவையில் பட்டை உள்ளே மடிந்து மாட்டிக்கொள்கிறதா, ஒரு கிளை மற்றொன்றைத் தேய்க்கிறதா என்று பார்த்து விரல் தடிமனில் இருக்கும்போதே எடுத்துவிட்டால், பின்னாளில் பெரும்பாலும் ஏணியே தேவைப்படாது. கவையில் பட்டை மடிந்த இரட்டைத் தலை இருபது வருடம் கழித்துப் புயலில் நடுவாகப் பிளக்கும். விரல் அளவு வெட்டு ஓரிரு வருடங்களில் மூடிவிடும்.

வேரைப் பற்றி ஒரு தப்பெண்ணம் ஊரில் ஊறியிருக்கிறது. மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்று படம் வரைந்தே பழகிவிட்டோம். உண்மையில் பெரும்பாலான மரங்களின் வேரில் பெரும்பகுதி மேல் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அகலத்தில் கிளைப்பந்தலைத் தாண்டி, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம்கூடப் போகிறது. வேரும் மூச்சுவிடுகிறது, அதற்கும் மண்ணில் காற்று வேண்டும். நடைபாதை போடும்போது அடிமரத்தை முட்டுகிற அளவுக்குக் கான்கிரீட் ஊற்றுவது அந்தக் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து மூடுவது. மரத்தடியில் வண்டி நிறுத்தினால் மண் இறுகி அதே கதிதான்.

குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும் பள்ளங்கள் இன்னும் மோசம். மரத்துக்கு ஒரு பக்கமாக நெடுகத் தோண்டினால் அந்தப் பக்கத்து வேர் முழுவதும் போச்சு. மரம் அன்றைக்கே சாவதில்லை. மூன்று, நான்கு வருடம் கழித்து உச்சிக் கொம்புகள் பட்டுப்போகும். அப்போது பள்ளத்தை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள், "வயசாயிடுச்சு" என்று சொல்லி வெட்டிவிடுவார்கள். சாலையைத் தோண்ட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று நகராட்சியிடம் எழுதி வாங்குங்கள். குழுவுக்கு வேறு எந்த அதிகாரம் இல்லாவிட்டாலும் இந்த ஒன்று இருந்தால் பல மரங்கள் பிழைக்கும். வேர் மண்டலத்துக்குக் கீழே துளையிட்டுக் குழாயை இழுத்துச் செல்லும் முறை இருக்கிறது. அது முடியாத இடத்தில் கையால் தோண்டித் தடித்த வேர்களுக்கு அடியில் குழாயை நுழைக்கலாம்.

பதிவேட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு பொது மரத்துக்கும் ஓர் எண், இனம், இடம், நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, கடைசியாகப் பார்த்த தேதி, பார்த்தபோது இருந்த நிலை, செய்த வேலை. இவ்வளவுதான். ஒரு நோட்டும் ஒரு அளவு நாடாவும் போதும், பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகராட்சி தன் மரங்களுக்கு எண் கொடுத்து, 2013 வாக்கில் ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் முகவரியும் வைத்தது. முறிந்த கிளையைப் பற்றி மக்கள் புகார் எழுதட்டும் என்றுதான் வைத்தார்கள். மக்களோ மரங்களுக்குக் காதல் கடிதம் எழுதினார்கள். படித்தபோது கண் கலங்கியது. மரத்துக்கு ஓர் எண்ணும் இருப்பும் வந்தால் மக்கள் அதைத் தங்களுடையது என்று பேசத் தொடங்குகிறார்கள்.

அந்த நகரத்திலிருந்து இன்னொன்றையும் கற்கலாம். 2012-ல் போட்ட திட்டத்தில் ஒரே இனம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரே பேரினம் 10, ஒரே குடும்பம் 20 என்று தங்களுக்கு வரம்பு வைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வரம்பு ஏன் வேண்டும் என்றால், எல்ம் மரங்களை மட்டுமே வரிசையாக நட்டிருந்த அமெரிக்க ஊர்கள் 1930-க்குப் பிறகு பரவிய எல்ம் நோயில் தெருத்தெருவாக வெறிச்சோடின. அந்த வெற்றிடத்தில் பல ஊர்கள் ஆஷ் மரங்களை நட்டன. 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு பச்சை வண்டு அவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. நம் பதிவேடு முடிந்ததும் எந்த இனம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரே இனத்தில் சாலை முழுவதையும் நட்டிருக்கிறோம் என்பது நடந்து பார்த்தாலே தெரிகிறது.

ஒரு மரத்தை எடுத்தே ஆக வேண்டிய நிலையும் வரும். அதை நான் மறுக்கவில்லை. தூரில் காளான் தட்டு தட்டாக முளைத்திருந்தால், ஒரு பக்கம் மண் தூக்கியிருந்தால், நேராக நின்றது திடீரென்று சாய்ந்தால் அதற்கடியில் குழந்தைகள் நடக்கக் கூடாது. பொந்து இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். சுற்றுச்சுவர் கெட்டியாக இருக்கும் பொந்து மரம் குழாய் மாதிரி நிற்கும், தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதுவானாலும், முன்கூட்டிச் சொல்லிவிட்டு எடுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1899-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு ஊருக்கும் பொது மரங்களைக் கவனிக்கும் ஒரு மர வார்டன் உண்டு. அங்கே பொது நிழல் மரத்தை வெட்டுவதற்கு முன் அந்த மரத்திலேயே அறிவிப்பு ஒட்டி, மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

சொல்லாமல் வெட்டியதால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பார்த்தது. 2012-ல் தொடங்கிய சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் பேரில் 5,000-க்கும் மேற்பட்ட தெரு மரங்கள் வெட்டப்பட்டன. 2016 நவம்பரில் ஒரு நாள் விடியுமுன் மக்களை எழுப்பி வண்டிகளை அகற்றச் சொல்லிவிட்டு மரங்களை வெட்டினார்கள், எதிர்த்து நின்ற முதியவர்கள் கைதானார்கள். விசாரணை நடந்து 2023-ல் நகராட்சி மன்னிப்புக் கேட்டது. வெட்டிய மரங்கள் திரும்பவில்லை. ஆனால் அதே நகரத்தில் நகராட்சியும் போராடியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தெரு மரங்களுக்குப் புதிய திட்டம் எழுதினார்கள். நாம் அந்தச் சண்டையைப் போடாமலேயே அந்த மேசைக்குப் போகலாம்.

நீங்கள் சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். விடுமுறை நாளில் குழி தோண்டிய கைகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவின் இரண்டு மரங்களும் அந்தக் கைகளால்தான் நிற்கின்றன. பதிவேட்டை எடுக்க ஆள் போதவில்லை என்றால் தெருவுக்கு ஒருவரைக் கேளுங்கள், வருவார்கள். எங்கள் தெருவையும் நூலகச் சாலையையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, அந்தக் கூண்டு. பொதுச் சொத்து என்பதால் நானாகத் தொடவில்லை. பட்டைக்கு வெளியே தெரியும் கம்பியை மட்டும் துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். உள்ளே போய்விட்டதைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் பட்டையும் கூடவே கிழியும், அதை மரத்திடமே விட்டுவிட வேண்டும். கம்பி வெட்டும் கட்டர் என்னிடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மரத்தடியில் இருப்பேன். உங்களில் ஒருவர் எழுத்து மூலமான அனுமதியோடு வந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அந்தத் தகட்டை நான் தூக்கி எறியப்போவதில்லை. துடைத்து, பின்பக்கத்தில் அன்றைய தேதியும் அடிமரத்தின் சுற்றளவும் எழுதி உங்களிடம் தருகிறேன். பதிவேட்டின் முதல் மரமாக அது இருக்கட்டும்.

அன்புடன்,
நூலகச் சாலையில் தினமும் நடக்கும் ஒருவர்